குறைந்த பணத்தில் விரைந்த விமானம்

சொந்தமாக ஒரு விமானம் வாங்குவது எப்படி என்று இன்று பேசப் போகிறேன் என்றவுடன் உங்களுள் பலர் சிரித்திருப்பீர்கள். மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் போவதற்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற நமக்கு விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும், அளவான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னிருந்ததைவிட விரைவாகச் செல்லும் விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, பள்ளியில் நீங்கள் படிக்கும் பௌதிகத்தையும், வீட்டில் உங்கள் தாயார் போடும் மாதக் கணக்கையும் ஒருசேரக் கேட்கிற வினா. வீட்டுக் கணக்குப் பிசகினால் கடன் வாங்கிச் சமாளித்து விடலாம். வானத்தில் பிசகினால் அவ்வாறு சமாளிக்க இயலாது.

இந்த ஆசை நம் நகரத்துக்குப் புதிதன்று. மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திவந்த டாஞ்சலிஸ் என்னும் கார்சிகாத் தீவினர், 1910ஆம் ஆண்டிலேயே தம் சொந்த யோசனைப்படி விமானம் ஒன்றைச் செய்வித்தார். செய்து கொடுத்தவர்கள் குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும் கட்டிப் பழகிய சிம்ப்சன் கம்பெனியார். பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார் டாஞ்சலிஸ். பிறகு தீவுத் திடலில் கட்டணம் வைத்து மக்களுக்கும் காட்டினார். தரையை விட்டு மேலே எழுந்தாலே போதும் என்றிருந்த காலம் அது. எவ்வளவு விரைவாகப் போகலாம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்னும் ஆராய்ச்சி வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த ஆராய்ச்சிக்குப் போகுமுன் ஒரு சிறு பௌதிகம். அதற்குச் சைக்கிள் போதும். மாலையில் கடற்காற்று வீசும் வேளையில், லஸ் முனையிலிருந்து கச்சேரி சாலை வழியே சாந்தோமை நோக்கிக் கிழக்கே மிதித்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது காற்று இருப்பதே தெரியாது. சற்று வேகமாக மிதித்தால் மார்பின்மேல் ஒரு கை வைத்துத் தள்ளுவது போல் இருக்கும். வேகம் இரு மடங்கானால் அந்தத் தள்ளுவிசை இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. அந்த நான்கு மடங்கு விசையை இரு மடங்கு விரைவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், நாம் செலவிடும் திறன் எட்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதாவது தடை வேகத்தின் இருபடியாகவும், தேவைப்படும் திறன் அதன் முப்படியாகவும் ஏறுகின்றன. (விமானம் மிக மெதுவாகப் பறக்கும்போது, தன் எடையைத் தாங்குவதற்காகவே வேறொரு தடையையும் ஏற்கிறது. நாம் பேசுவது விரைந்து பறப்பதைப் பற்றி ஆதலால், அதை உங்கள் ஆசிரியரிடம் விட்டுவிடுகிறேன்.)

இதே சைக்கிளில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நிமிர்ந்து உட்காராமல் கைப்பிடியின்மேல் குனிந்துகொண்டால், அதே காலின் வலுவுக்குச் சைக்கிள் கூடுதலாக ஓடுகிறது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேகத்தை வாங்க இரண்டு வழிகள் உண்டு என்பது இப்போது தெரிகிறது. ஒன்று, பெரிய எஞ்சின். மற்றொன்று, காற்றில் தடையின்றி நுழையும் உடல். பணம் குறைவாக உள்ளவன் முதலாவதை நாடினால் முப்படிக் கணக்கு அவனை விழுங்கிவிடும்.

இதற்கு நம் நாட்டு விமான வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1920களின் இறுதியில் உலகெங்கும் தனி மனிதர்களும் பறத்தற் சங்கங்களும் விரும்பி வாங்கியது ஜிப்சி மாத் என்னும் இங்கிலாந்து விமானம். மாத் என்றால் அந்துப்பூச்சி. அதைச் செய்த டி ஹாவிலண்ட் என்பவருக்குப் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஆர்வம் மிகுதி. ஆகவே தம் விமானங்களுக்கும் அப்பெயர்களையே சூட்டினார். ஜிப்சி மாத்துக்கு மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகள். அவற்றை இணைக்கும் கட்டைகளும் கம்பிகளும் பல. விமானியின் தலை திறந்த வெளியில் இருக்கும். 100 குதிரைத் திறன் உள்ள எஞ்சினைக் கொண்டு அது மணிக்கு 102 மைல்வரை செல்லும். நீண்ட பயணத்தில் 85 மைல் என்று கொள்ளலாம். 1930இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறப்போருக்கு ஆகாகான் அறிவித்த பரிசுக்காக ஆஸ்பி எஞ்சினியரும் ஜே. ஆர். டி. டாட்டாவும் போட்டியிட்டது இவ்வகை விமானங்களில்தான். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது.

அதே கம்பெனியார் 1930 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது புஸ் மாத். ஓரடுக்கு இறக்கை, மூடிய அறை, எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தமையால் மூக்கு ஒடுங்கி, விமானிக்கு முன்புறம் நன்கு தெரிந்தது. எஞ்சினின் திறன் ஏறத்தாழ 120 குதிரை. உச்ச வேகமோ 128 மைல்.

இங்கே பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள். 128ஐ 102ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.25 வரும். அதை மும்முறை பெருக்கினால் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஜிப்சி மாத்தின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றி 128 மைல் வேகத்தை எட்ட வேண்டுமானால், ஏறத்தாழ 200 குதிரைத் திறன் வேண்டியிருக்கும். பெரிய எஞ்சின் எடை மிகுந்தது, அந்த எடையைச் சுமக்க வலுவான சட்டம் வேண்டும், அதற்கும் எடை உண்டு, பெட்ரோலும் அதிகம். இவற்றையெல்லாம் விடுத்து, கம்பிகளைக் களைந்து, மனிதனை உள்ளே உட்காரவைத்து, கூடுதலாக 20 குதிரைகளை மட்டும் பூட்டி அதே வேகத்தைப் பெற்றது புஸ் மாத். மீதி 80 குதிரைகளும் காசு கொடுக்காமல் வந்தவை என்றுகூடச் சொல்லலாம். முற்றிலும் காசு இல்லாமல் அன்று. அக்காலத்தில் ஜிப்சி மாத் ஏறத்தாழ 650 பவுனுக்குக் கிடைத்தது, புஸ் மாத்துக்கு 1,000 பவுன் அளவு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மிகுதியாகக் கொடுத்த பணம் ஒரே தடவை கொடுத்தது. எஞ்சின் குடிக்கும் பெட்ரோலுக்கு ஒவ்வொரு மணியும் கொடுக்க வேண்டும்.

டாட்டா குழுவினர் விமானத் தபால் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்த விமானத்தைத்தான். லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்து சேரும் தபாலைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது நெவில் வின்சென்ட் என்னும் விமானியின் யோசனை. முதலீடு 2 இலட்ச ரூபாய். அரசாங்கத்திடமிருந்து மானியம் இல்லை. இரண்டு புஸ் மாத்கள் வாங்கினார்கள். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூவுக்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட். ஜுஹூவில் அன்று இருந்தது மண் திடல். மழைக்காலத்தில் அது சேறாகிவிடுமாதலால் புனாவுக்கு இடம் மாற வேண்டியிருந்தது. வழியில் வானொலி உதவி கிடையாது. தபால் நனையாமல் இருக்க மூடிய அறை வேண்டும். குறுகிய மண் தரையில் இறங்கக்கூடிய மெதுவான இறங்கு வேகமும் வேண்டும். பெட்ரோல் செலவும் மிஞ்சக் கூடாது. முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்து 60,000 ரூபாய் இலாபம் கண்டார்கள். இன்னும் விரைவான விமானங்கள் அன்று இல்லாமல் இல்லை. அவற்றை வாங்கியிருந்தால் இந்த இலாபக் கணக்கு எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, உடலை வழவழப்பாக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காற்றில் தடையின்றிச் செல்லும் பொருளை நிறுத்துவது எளிதன்று. பழைய இரட்டை இறக்கை விமானத்தில் எஞ்சினின் விசையைக் குறைத்தால் கம்பிகளும் கட்டைகளுமே அதைப் பிடித்து நிறுத்திவிடும். புஸ் மாத் அப்படியன்று. திடலின் எல்லையைத் தாண்டியும் மிதந்துகொண்டே போகும். ஆகவே சக்கரக் கால்களின்மேல் போர்த்திய மெல்லிய உறைகளை விமானி உள்ளிருந்தபடியே குறுக்காகத் திருப்பும்படி அமைத்தார்கள். பறக்கும்போது அவை காற்றைக் கிழிக்கும். இறங்கும்போது முறம்போல் விரிந்து காற்றைத் தடுக்கும். விலை குறைந்த, எளிய, அழகான ஏற்பாடு இது. எனக்கு அந்த விமானத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

மற்றொரு விளைவு துயரமானது. 1930க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் புஸ் மாத்கள் சில பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து வீழ்ந்தன. உள்ளே இருந்தவர்கள் மாண்டனர். இங்கிலாந்தில் நீண்ட ஆராய்ச்சி நடந்தது. கொந்தளிக்கும் காற்றில் மிகு வேகமாகச் செல்லும்போது இறக்கைத் தாங்கிகள் தளர்ந்து போகின்றன என்று கண்டு, அவற்றுக்கு வலுச் சேர்த்தார்கள். தடை குறைந்த விமானம், மூக்கைச் சற்றுத் தாழ்த்தினாலும் விரைந்து வேகம் பிடித்துவிடும். காற்றுக் குழியில் விழும் அதிர்ச்சியும் வேகத்தோடு சேர்ந்து வளரும். இன்றைய விமானங்களில் வேகங்காட்டும் கருவியின் முகத்தில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அதை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. பழைய விமானத்தை விலைக்குப் பார்க்கும்போது, அது எவ்வளவு வேகம் போகும் என்பதைக் கேட்பதற்குமுன் அந்தச் சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இறக்கையைச் சிறிதாக்கியும் வேகத்தைக் கூட்டலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். இறக்கையின் பரப்பில் கால் பங்கைக் குறைத்தால், விமானம் வானில் நிற்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து வீதம் கூடும். 45 மைலில் தரை தொட்ட விமானம் இனி 52 மைலில் தொடும். ஏழு மைல்தானே என்று நினைக்காதீர்கள். தரையில் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருபடியாதலால், அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இதனோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் 40 பாகைச் சூடு இருக்கும்போது, கடல் மட்டத்தில் இருந்தும் காற்று மெலிந்து, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பது போலாகிவிடுகிறது. இறக்கைக்குத் தாங்குதிறன் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு குறையும். ஓடுபாதை நீளமாக வேண்டும். குளிர்நாட்டில் அச்சிட்ட விளம்பரத் தாளில் இந்தக் கணக்கு இராது.

பணம் இருப்பவர்கள் இந்தத் தொல்லைகளுக்கு இயந்திர வழியில் விடை கண்டார்கள். சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்வது ஒன்று. சுழல்விசிறியின் இலைகளை வேண்டியபடி திருப்பிக்கொள்வது மற்றொன்று. பின்னது, மேடு ஏறும்போது ஒரு பல்லும் சமவெளியில் வேறொரு பல்லும் போட்டுக்கொள்ளும் சைக்கிள் போன்றது. டி ஹாவிலண்டாரின் டோவ் என்னும் விமானத்தில் இவை இரண்டும் இருந்தன. 330 குதிரைத் திறன் அளவுள்ள எஞ்சின்கள் இரண்டு. மணிக்கு 200 மைல் வேகம். சென்னை அரசாங்கம் அதில் ஒன்றை வாங்கியபோது, 1951ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து அதைப் பம்பாய்க்கு ஓட்டி வந்தவர்கள் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் ஆவர். 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது அன்று பெருஞ் சாதனையாகப் பேசப்பட்டது. உஷா, பெங்களூர் ஜக்கூரில் பயிற்சி பெற்றவர். இந்தத் தம்பதியரின் பெயர் தியாகராய நகரில் வேறொரு காரணத்தால் இன்னும் நிலைத்திருக்கிறது: 1959இல் அங்கே மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றியதிலிருந்து, அவர் குடும்பத்தார் தொடங்கிய பிராணிகள் நலச் சங்கமே புளூ கிராஸ்.

டோவ், அரசாங்கத்தின் விமானம். தனி மனிதர் ஒருவர் அதே வசதிகளை ஒற்றை எஞ்சின் விமானத்தில், பழைய விலைக்கு வாங்கலாமா? விளம்பரங்களில் மடங்கும் சக்கரம் உள்ள பழைய விமானங்கள் வியப்பூட்டும் அளவுக்கு மலிவாகக் கிடைப்பதுண்டு. அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. மடக்கும் பொறிக்கும், திருகும் விசிறிக்கும் ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். உதிரிப் பாகம் கடல் கடந்து வர வேண்டும். சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையைத் தேய்த்த விமானிகள் உலகெங்கும் உண்டு. மேலும், சாதாரணச் சிறு விமான எஞ்சின் ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஓடியபின் முழுவதும் பிரித்துப் புதுக்கப்பட வேண்டும். 1,900 மணி ஓடிய எஞ்சினோடு விமானம் வாங்குகிறவர், உண்மையில் விமானத்தின் விலையோடு ஓர் எஞ்சினின் விலையையும் சேர்த்தே கொடுக்கிறார். இரண்டாவது ரசீது பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

விமானக் கொட்டகை வாடகை, காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. ஆண்டுக்கு 50 மணி பறக்கிறவருக்கு, 200 மணி பறக்கிறவரைவிட இச்செலவு மணிக்கு நான்கு மடங்கு விழும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்வது எதனால் சிறந்தது என்பது இதிலிருந்தே விளங்கும். பறத்தற் சங்கங்கள் தோன்றிய காரணமும் இதுவே. சென்னையிலும் 1930 முதலே அப்படி ஒரு சங்கம் இருந்தது. பின்னாளில் நம் நாட்டுச் சங்கங்களுக்கென்றே பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டியது. 1958இல் முதன்முதல் பறந்த அது, 90 குதிரைத் திறனில் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவே செல்லும். கற்றுக்கொள்ளும் மாணவனுக்கு அது போதும். அவன் எங்கும் போகவேண்டியதில்லை. ஏறி, சுற்றி, இறங்கினால் சரி. மெதுவாக இறங்கும் விமானம் அவன் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

அப்படியானால் வேகம் யாருக்கு வேண்டும்? பெங்களூருக்குப் போய்வருகிறவரை எடுத்துக் கொள்வோம். வானவழியே ஏறத்தாழ 180 மைல். ஜிப்சி மாத்தின் 85 மைல் வேகத்தில் 2 மணி 7 நிமிஷம். புஸ் மாத் போல் 105 மைலில் நிதானமாகச் சென்றால் 1 மணி 43 நிமிஷம். மிச்சம் 24 நிமிஷம். அடையாற்றிலிருந்து மீனம்பாக்கம் போகும் வழியில் போக்குவரத்து நெரிசலில் இதைவிட அதிகம் இழந்துவிடலாம். இதற்கா இத்தனை செலவு என்று தோன்றும்.

ஆனால் ஆடி மாதத்தில் புறப்பட்டுப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சில ஆயிரம் அடி உயரத்தில் மேல்காற்று 30 மைல் வேகத்தில் எதிரே வந்தால், 85 மைல் விமானம் தரையைப் பொறுத்தவரை 55 மைல்தான் நகரும். பெங்களூர் சேர 3 மணி 16 நிமிஷம் ஆகும். மற்றது 75 மைலில் நகர்ந்து 2 மணி 24 நிமிஷத்தில் சேரும். மிச்சம் 24 நிமிஷமாக இருந்தது இப்போது 52 நிமிஷம். மெதுவான விமானத்தில் மூன்றரை மணிக்கான பெட்ரோல் இருந்தால், விமானிக்கு மிஞ்சுவது கால் மணியும் இல்லை. பெங்களூரில் மழை மேகம் மூடியிருந்தால் அவர் வேறெங்கே போய் இறங்குவார்? வேகத்தின் பயனை நாம் நேரத்தில் அளக்கிறோம். காற்று எதிர்க்கும் நாளில் விமானி அதைத் தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலில் அளக்கிறார். என் கருத்தில், சொந்த விமானத்தில் சற்று வேகம் விரும்புவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறில்லை.

புஸ் மாத்தின் வழி இன்றும் கைவிடப்படவில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலே சேர்ந்திருக்கும் மாணவர்கள் பிபிஸ்ட்ரல் வைரஸ் என்ற சிறு விமானத்தைப் பார்த்திருக்கக்கூடும். ஸ்லோவேனியா நாட்டில் வடிவமைக்கப்பட்டது. மாணவர் படைக்கும் விமானப் படைக்கும் கடற்படைக்குமாக 194 விமானங்களுக்கு இந்தியா ஒப்பந்தம் செய்தது. அதில் உள்ள எஞ்சினுக்கு 80 குதிரைத் திறன்தான். புஷ்பக்கைவிடப் பத்துக் குதிரை குறைவு. வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். இழைகளைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்த்த உடல், நீண்டு மெலிந்த இறக்கை; மேற்பரப்பில் ஓர் ஆணித்தலைகூட நீட்டிக்கொண்டிராது. புஷ்பக்கை இந்த வேகத்துக்கு ஓட்ட எத்தனை குதிரை வேண்டும் என்பதை முப்படிக் கணக்கால் நீங்களே கண்டுபிடியுங்கள், 260க்குக் குறையாது. இந்தப் புதிய விமானமும் இறங்கும்போது எளிதில் நிற்காது. ஆகவே அதன் இறக்கையின்மேல் தடுப்புப் பலகைகள் எழும்பும்படி வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் அளவான பணம் இருந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வர ஒரு விமானம் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 100 குதிரைத் திறனை மிஞ்சாத, மடங்காத சக்கரம் உள்ள, வழவழப்பான இரண்டு இருக்கை விமானம் ஒன்றை மூன்று நண்பர்களோடு கூட்டாக வாங்குவேன். எஞ்சின் 500 மணிக்குள் ஓடியிருக்க வேண்டும். தொட்டியில் ஐந்து மணிக்குக் குறையாமல் பெட்ரோல் பிடிக்க வேண்டும். மடங்கும் சக்கரத்துக்கு ஆகும் பணத்தை, ஆடி மாதத்துக் காற்றில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு பறந்து பழகுவதற்குச் செலவிடுவேன்.